சட்டைக்காக ஆளை வெட்டலாமா?

மூணு மணி நேர ஃபுட்டேஜை எட்டே நிமிஷமா சுருக்கின அனுபவம் உண்டா? நான் சுருக்கினேன். அதுல ஒரு நல்ல மனுஷரையும் சேர்த்துச் சுருக்கிட்டேன். அந்த சோகக் கதைதான் இந்த வாரம்!

கல்ச்சுரல்ஸுக்காக பாலுமகேந்திரா பத்தி ஒரு குட்டி டாக்குமென்டரி. 1939-ல் மட்டக்களப்புப் பக்கம் பிறந்து, புனே ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டில் ஒளிப்பதிவு படிச்சவர். 'மூன்றாம் பிறை' ஒளிப்பதிவுக்கு தேசிய விருது வாங்கினவர். தன் படங்களைத் தானே எடிட் செஞ்சவர். 2014-ல் மறைஞ்சுட்டதால, அவர் படங்களைப் பார்த்தவங்களைப் பேச வெச்சோம். அதுல ஒருத்தர், எங்க தெரு டெய்லர் அண்ணாச்சி. அவர் பேசினது 1988-ல் வந்த 'வீடு' பத்தி.

''மொதல் தடவை போரடிச்சுது தம்பி. பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். அப்புறம் நானே வீடு கட்ட ஆரம்பிச்சு, கடன்ல மாட்டி, அஸ்திவாரத்தோட நின்னுட்டேன். அப்ப டி.வி-யில மறுபடி பார்த்தேன். ராத்திரி பூரா தூக்கம் வரலை.''

ஹீரோவைப் பத்தின படத்துல 'போரடிச்சுது'ன்னு வரலாமா? நடுவுல அத்தனையும் கட்! 'படம் பார்த்தேன்... தூக்கம் வரலை'ன்னு ஒட்டிட்டேன். ஒட்டு தெரியாம இருக்க மேல தையல் மெஷின் ஷாட். டீமே கை தட்டுச்சு.

பெருமையா லேப்டாப்போட கடைக்குப் போனேன். அண்ணாச்சி பார்த்து முடிச்சுட்டு, ''அஸ்திவாரம் எங்கே தம்பி?''ன்னார். எனக்குப் பேச்சே வரலை. ''நானும் வெட்டுறவன்தான். சட்டை சரியா வரணும்னு ஆளை வெட்ட முடியுமா?''

அன்னிக்கு நைட்டே வெட்டின 22 செகண்டையும் திரும்ப வெச்சேன். எட்டு நிமிஷத்தைத் தாண்டக் கூடாதே? நான் உயிரா நினைச்ச பீச் சூரிய உதய ஷாட்டைத் தூக்கினேன். நாலு மணிக்கு எழுந்து எடுத்தது பாஸ்!

ஸ்கிரீனிங்ல 'போரடிச்சுது'ன்னதும் ஆடிட்டோரியமே சிரிச்சுது. 'அஸ்திவாரத்தோட நின்னுட்டேன்'னப்ப கப்சிப். 'வீடு' எப்படிப்பட்ட படம்னு நான் எழுதின வாய்ஸ்ஓவரைவிட அந்த அமைதி நல்லா சொல்லுச்சு. பரிசு? அது வேற டீமுக்கு!

நீங்களும் யாரையாவது எடிட் பண்றீங்களா? ரெண்டு வாக்கியத்தை ஒட்டினதும், பேசினவர் பக்கத்துல உட்கார்ந்து அதைப் பார்க்கறதா நினைச்சுக்கோங்க. நெளியுறீங்களா? உடனே கன்ட்ரோல் இஸட்!