பெல்ட் போனால் மெஷினுமா போச்சு?

பெரம்பலூரில் சொந்தக்காரர் வீட்டு வாஷிங் மெஷின். மோட்டார் உறுமுகிறது, டிரம் சுற்றவில்லை, ரப்பர் கருகும் வாடை. கம்பெனி ஆள் வந்தார். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. "பழைய மாடல் சார், எக்ஸ்சேஞ்சுல போட்டுடுங்க!" இதற்கு விசிட்டிங் சார்ஜ் வேறு!

கடைத்தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். பிளக்கைப் பிடுங்கி, பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். தேய்ந்து பளபளவென்று ஒரு பெல்ட். அதிலிருந்த நம்பரைச் சொல்லி புதுசு வாங்கிவரச் சொன்னார். மோட்டார் புல்லியில் மாட்டி, பெரிய புல்லியைக் கையால் சுற்ற, பெல்ட் தானாக ஏறிக்கொண்டது. விரலால் அமுக்கி இறுக்கம் பார்த்தார். அரை மணி நேரம், சில நூறு ரூபாய். அவ்வளவுதான் சங்கதி!

மக்காச்சோளம் விளையும் ஊர் இது. கதிரடிக்கும் மெஷினில் பெல்ட் அறுந்தால் களத்திலேயே மாட்டிக்கொள்கிற ஜனங்களிடமா இந்தக் கதை? பக்கத்து அரியலூர் சிமென்ட் ஆலையில் கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஆலையையா எக்ஸ்சேஞ்சில் போடுகிறார்கள்?

'பழுது பார்க்கும் உரிமை'க்காக மத்திய அரசு 2022 ஜூலையில் கமிட்டி போட்டது. டிசம்பரில் இணையதளம் திறந்தது. சந்தோஷம். உதிரிபாகம் கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டமும் போட வேண்டியதுதானே?

உங்கள் வீட்டுக்கும் அந்த ஆள் வருவார். "முதல்ல கழட்டிக் காட்டுங்க தம்பி, அப்புறம் பேசலாம்" என்று சொல்லுங்கள்.