பட்டம் இருக்கிறது, பிளஸ் டூ எங்கே?

இந்த ஆண்டு பி.ஏ. முதலாம் ஆண்டில் சேர்கிறேன், இரண்டாவது முறையாக. முதலில் வாங்கிய பி.ஏ. பட்டம் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. அது போலிப் பட்டம் அல்ல, முறைப்படி இயங்கும் பல்கலைக்கழகம் ஒன்று கொடுத்ததுதான். ஆனால் எந்த வாசலுக்காக அதை வாங்கினேனோ, அந்த வாசலில் அது செல்லவில்லை.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் என்னை நூற்பாலைக்கு அனுப்பினார்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி ஆள் எடுத்தார்களே, ‘சுமங்கலித் திட்டம்’, அதில்தான். எங்கள் காலனியிலிருந்து அந்த வருடம் வேனில் ஏறிய பிள்ளைகளில் யாரும் பிளஸ் ஒன் போகவில்லை. ஊர்த்தெருப் பிள்ளைகள் போனார்கள்.

2013இல் ஒரு விளம்பரம் பார்த்தேன். அடிப்படைத் தேர்வு ஒன்றை எழுதினால் பிளஸ் டூ இல்லாமலேயே பி.ஏ. சேரலாம் என்றிருந்தது. பட்டம் முடித்துவிட்டு மூன்றாண்டு சட்டப்படிப்பு படிக்க வேண்டும் என்பது என் ஆசை. சேர்ந்தேன். ஷிப்ட் முடிந்து வந்து படித்தேன். கடைசி வருடம், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உடன் படித்த ஒரு கண்டக்டர் அண்ணன்தான் கேட்டார்: “தங்கச்சி, நீ பிளஸ் டூ முடிச்சிருக்கியா? இல்லேன்னா இந்த டிகிரிய கவர்மெண்ட்ல எடுத்துக்க மாட்டாங்களே, தெரியாதா?”

தெரியாது. விண்ணப்பம் விற்றவரும் சொல்லவில்லை, பணம் வாங்கியவரும் சொல்லவில்லை. இளங்கலை இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாக வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு, பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடித்த பிறகு பெற்ற திறந்தநிலைப் பட்டத்தைத்தான் அரசு வேலைக்கு ஏற்போம் என்று ஆணை போட்டது. பார் கவுன்சிலின் 2008 விதிகளும் அடிப்படைத் தகுதி இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குச் சட்டக் கல்லூரிக் கதவை மூடியிருந்தன. நான் சேரும்போது இவை எல்லாமே நடைமுறையில் இருந்தன.

பிறகு பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதினேன். அதனாலும் பழைய பட்டம் உயிர் பெறாது, வரிசை முக்கியமாம். படித்தாயா என்பதல்ல, எதை முதலில் படித்தாய் என்பதுதான் கேள்வி. தரத்தைக் காப்பாற்றத்தான் இந்த விதி என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் யார், எந்தத் தெருக்காரர்கள் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரியாதா? பதினைந்து வயதில் எங்களை வேனில் ஏற்றிய சமூகம், முப்பது வயதில் “நீ ஏன் பிளஸ் டூ படிக்கவில்லை” என்று கேட்கிறது.

இந்த முறை எங்கே சேரலாம் என்று தேட ஆரம்பித்ததும் ஆன்லைன் பட்டம் விற்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து தினமும் போன். ஒன்றரை லட்சம், மாதத் தவணை, பரீட்சைகூட வீட்டிலிருந்தே. தமிழில் எழுதலாமா என்று கேட்டேன், இல்லை. எஸ்.சி. உதவித்தொகை உண்டா, “அதெல்லாம் தெரியாது மேடம், இ.எம்.ஐ. போட்டுத் தர்றோம்.” படிப்பைப் பற்றி அந்தப் பையனுக்குத் தெரிந்ததைவிடக் கடனைப் பற்றி அதிகம் தெரிந்திருந்தது. அவரையும் குறை சொல்ல முடியாது, மாதம் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று அவர் தலையிலும் ஒரு கணக்கு இருக்கும்.

ஆன்லைன் பட்டமே மோசடி என்று நான் சொல்லவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் இருந்தால் நேரடி வகுப்பில் படித்த பட்டத்துக்கு அது சமம் என்று 2022இல் அந்தக் குழுவே அறிவித்துவிட்டது. ஆனால் அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்தப் பாடம், எந்த ஆண்டு என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுப் பட்டியலில் பார்க்க வேண்டும். தனியார் நிறுவனத்திடம் கிளை உரிமை கொடுத்துப் பட்டம் நடத்துவதற்கும் அனுமதி இல்லை. சட்டம், செவிலியர் படிப்பு, பொறியியல் பட்டங்களை ஆன்லைனில் தருகிறேன் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். 2024 முதல் சேருகிற ஒவ்வொருவரும் மானியக் குழுவின் தளத்தில் தனி எண் பெற வேண்டும். அதைப் பற்றி வாய் திறக்காமல் முன்பணம் கேட்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஒரு தோழர் சொன்னார்: “ஆன்லைன்ல சாதி இல்லக்கா. யாரு எந்த ஊருன்னு கேக்க ஆளில்ல.” அந்த ஆசை எனக்கும் புரிகிறது. உதவித்தொகைக்காரர்கள் எழுந்து நில்லுங்கள் என்று வாத்தியார் சொல்லும்போது எழுந்து நின்றவள் நான். ஆனால் யாரும் என்னைக் கேட்காத வகுப்பில் “நீ பிளஸ் டூ முடிச்சிருக்கியா” என்று கேட்க அந்தக் கண்டக்டர் அண்ணனும் இருக்க மாட்டார். அவருக்குப் பதவி உயர்வு போனது அதனால்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதனால் நான் தேர்ந்தெடுத்தது அரசுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை. தமிழில் பாடப் புத்தகம், பஸ்ஸில் போகிற தூரத்தில் கல்வி மையம்.

கல்வி உதவித்தொகை முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர் அம்பேத்கர். 1920இல் திரும்பிப் போய் முடித்தார். 1946இல் பம்பாயில் அவர் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரி, வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று காலையில் வகுப்பு நடத்தியது. நேரம் இல்லாதவர்களின் நேரத்துக்குக் கல்லூரி வந்தது.

அரசிடம் கேட்கவும் இருக்கிறது. அடிப்படைத் தேர்வு எழுதிப் பட்டம் முடித்து, பின்னால் பிளஸ் டூவிலும் தேறியவர்களின் பட்டத்தை ஏற்க ஆணையைத் திருத்த வேண்டும். அதுவரை, இந்தப் பட்டம் எதற்கெல்லாம் செல்லாது என்பதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே தமிழில் அச்சிட வேண்டும். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு உட்பட்ட பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகையைத் தொலைநிலையில் படிப்பவர்களும் அலைச்சலின்றிப் பெற வேண்டும். முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள் என்பது வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறவர்களிடம் சொல்லும் பேச்சல்ல.

இதைப் படிக்கிற தம்பி, தங்கைகளே, உங்கள் வீட்டிலும் பாதியில் நின்ற அக்காவோ அம்மாவோ இருப்பார். இனிமேல் என்னத்தப் படிச்சு என்பார். அவரிடம் எந்த ஆப்பையும் காட்டுவதற்கு முன்னால் அவருடைய மார்க் ஷீட்டுகளை எடுத்து வரிசையாக அடுக்கிப் பாருங்கள்.

போன வாரம் விண்ணப்பத்தை நிரப்பினேன். ‘முந்தைய கல்வித் தகுதி’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பி.ஏ.வை எழுதவில்லை. பிளஸ் டூ, தனித்தேர்வர் என்று எழுதினேன்.