டொக்டருக்கு யார் பாடம் நடத்துகிறார்கள்?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

பிரெஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாத்திரை எடுக்காத வீடு இப்போது லயத்திலும் குறைவு, டவுனிலும் குறைவு. ஒரே மருந்து, இரண்டு கம்பனி, இரண்டு பெயர், விலை மட்டும் எட்டாத தூரம். ஏன் இந்த டொக்டர் விலை கூடிய பெயரை எழுதினார் என்று கேட்டால், "அவருக்குக் கமிஷன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரும்பாலான டொக்டர்மார் கமிஷனுக்காக எழுதுகிறவர்கள் அல்ல. விடயம் அதைவிடச் சிக்கலானது.

ஒருவர் பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்துப் பட்டம் வாங்கி, முப்பது வருடம் வேலை செய்கிறார். அந்த முப்பது வருடத்தில் வருகிற புதிய மருந்துகளைப் பற்றி அவருக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? கணிசமான பங்கு, அந்த மருந்தை விற்கிற கம்பனிதான். மாநாட்டுக்கு அனுசரணை, மண்டப வாசலில் ஸ்டால், பகல் சாப்பாடு, பேச்சாளருக்குக் கொடுப்பனவு, சிலருக்கு வெளிநாட்டு விமான டிக்கெட். இதெல்லாம் ஒளித்துச் செய்கிற வேலையும் இல்லை, உலகம் முழுக்க நடப்பதுதான்.

ஆசிரியனாக யோசித்துப் பார்க்கிறேன். பாஸ்பேப்பர் புத்தகம் அடிக்கிற ஒருவர் எங்களுக்கு ஹோட்டலில் கருத்தரங்கு வைத்து, சாப்பாடும் தந்து, ஒரு பையும் தந்து அனுப்பினால், அடுத்த நாள் வகுப்பில் எந்தப் புத்தகத்தின் பெயர் முதலில் வாயில் வரும்? காசு வாங்கியிருக்க வேண்டியதில்லை. பெயர் மனதில் நின்றால் போதும்.

"சாப்பாட்டுக்கெல்லாம் நான் மாறமாட்டேன்" என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். 1992இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் பார்த்தது. கம்பனி செலவில் உல்லாச விடுதிக் கருத்தரங்குக்குப் போகவிருந்த டொக்டர்மாரிடம் கேட்டபோது, இது தங்களைப் பாதிக்காது என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். போய் வந்த பிறகு அந்த வைத்தியசாலையில் அதே மருந்துகளின் பாவனை நன்றாகக் கூடியிருந்தது. 2016இல் வந்த இன்னொரு ஆய்வில், 20 டொலருக்கும் குறைந்த ஒரு நேரச் சாப்பாடு சாப்பிட்டவர்கள்கூட அந்தக் கம்பனியின் மருந்தை மற்றவர்களைவிடக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது.

ஸகாத் வசூலிக்கப் போன ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்துக் காட்டினாராம். தாய் தகப்பன் வீட்டில் சும்மா இருந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதாக ஹதீஸில் இருக்கிறது. எந்த மதத்தவருக்கும் விளங்குகிற கேள்விதானே.

இந்தச் செலவைக் கம்பனி தன் கையிலிருந்தா போடுகிறது? மருந்தின் விலையில்தான் எடுக்கும். 2022 ஏப்ரல் கடைசியில் 60 வகை மருந்துகளின் விலையை 40 சதவீதம் கூட்ட அனுமதித்தார்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய். அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு தரும்போது, கொழுந்துப் பையோடு நிற்கிற அந்த அம்மாவும் கொழும்பு மாநாட்டுச் சாப்பாட்டுக்குப் பங்கு போடுகிறார்.

இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே யோசித்தவர் நம் நாட்டில் இருந்தார். பேராசிரியர் சேனக பிபிலே. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானபோது அதன் முதல் தலைவர். இறக்குமதியான சுமார் 2,100 மருந்துகளை 600 அளவுக்குச் சுருக்கினார்கள். மொத்தமாக டெண்டர் போட்டு மலிவாக வாங்கினார்கள். அவர் 1977இல் கயானாவில் காலமானார். மலிவு மருந்து தந்தவர் என்றுதான் அவரை நினைவுகூருகிறோம். ஆனால் மருந்தைப் பற்றிய அறிவு விற்பவரிடமிருந்து வரக்கூடாது என்பதும் அதே கொள்கையின் பாதி. மருந்தாக்கல் கூட்டுத்தாபனமும் கொழும்பு மருத்துவ பீடமும் சேர்ந்து டொக்டர்மாருக்காக 'ஸ்ரீ லங்கா பிரிஸ்கிரைபர்' என்ற சஞ்சிகையைக் கொண்டுவந்தது அந்த வழியில்தான். அந்தப் பாதியைத்தான் நாம் கைவிட்டுவிட்டோம் என்பது என் எண்ணம்.

டொக்டர் நண்பர்கள் கேட்பார்கள்: கம்பனிக் காசு வேண்டாம் என்றால், டிக்கோயாவில் வேலை செய்கிறவர் எதைக் கொண்டு படிப்பது? நியாயமான கேள்வி. நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள், இருப்பவர்களுக்கு வேலைச்சுமை. படிக்க வேண்டாம் என்று யார் சொன்னது? அந்தக் காசு வேறு வழியில் வரட்டும். இத்தாலியில் கம்பனிகள் விளம்பரத்துக்குச் செலவழிப்பதில் 5 சதவீதத்தை அரசின் மருந்து முகவரகத்துக்குக் கட்ட வேண்டும். அதிலிருந்து கம்பனிச் சார்பற்ற ஆய்வுகளுக்குப் போகிறது. இதே வழியில் படிப்புக்கும் ஒரு பொது நிதி வைக்கலாம். அமெரிக்காவில் எந்த டொக்டருக்கு எந்தக் கம்பனி எவ்வளவு கொடுத்தது என்பதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். 2022 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், சென்னைக் கம்பனி ஒன்றின் வழக்கில், டொக்டர்மாருக்குக் கொடுத்த இலவசங்களை வரிக்கழிவாகக் காட்ட முடியாது என்று தீர்ப்பளித்தது. 2024இல் அங்கே வந்த நடத்தைக் கோவை, கம்பனி செலவில் டொக்டர்மாருக்கு வெளிநாட்டில் கருத்தரங்கு வைப்பதையும் தடுக்கிறது. இங்கே அப்படி ஒரு பகிரங்கப் பட்டியலாவது வேண்டும் என்று தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடம் கேட்க நமக்கு உரிமை இல்லையா? நம் எம்பிமார் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், பேசட்டும். இதையும் பேசலாமே.

வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் இருப்பவர்கள் இந்தப் பதிவை வாசித்தால், அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே நடக்கும் கருத்தரங்குகளுக்கு அனுசரணை யார்?

மற்றவர்கள் துண்டு வாங்கும்போது, "டொக்டர், இதே மருந்து விலை குறைந்த பெயரில் இருக்கிறதா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டொக்டர் கோபிக்கமாட்டார். வலிப்பு மருந்து போன்ற சிலவற்றில் பெயர் மாற்றுவது சரிவராது. அதை அவரே சொல்லுவார். விலை கூட என்று மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பாதியாக உடைத்தும் போடாதீர்கள்.