கம்பியில்லாப் பெட்டிக்குக் கம்பெனிப் பூட்டு ஏன்?

வடக்கனந்தலில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை கண்ணெதிரே நிற்கிறது. அடிவாரத்தில் கோமுகி அணை. பக்கத்திலேயே கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. ஆலை வாசலில் கைபேசி பேசுகிறது. கரியாலூர்ப் பாதையில் மலையேறி உள் கிராமங்களுக்குப் போனால் அதே கைபேசி வெறும் கண்ணாடித் துண்டாகிவிடுகிறது.

சினிமா பார்க்க முடியவில்லையே என்ற கவலை அல்ல இது, தோழர்களே! ரேஷன் அரிசிக்குக் கைரேகை வைக்கச் சொல்கிறார்கள். முதியோர் பணம் வந்ததா என்று பார்க்க இணையம் வேண்டும். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் வேலைத்தளம் தவறாமல் கைபேசிச் செயலியில் வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. தினம் இரு வேளை தொழிலாளரைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்றார்கள். மண் வெட்டியது கை. வெட்டியதாக ஒப்புக்கொள்ள வேண்டியது சிக்னல்! என்ன நியாயம் இது?

சிக்னலை விற்பவர்கள் யார்? 2024 ஜூலை முதல் வாரத்தில் நாட்டின் மூன்று பெரிய தனியார் கைபேசிக் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை ஏற்றின. 28 நாளைக்கு 155 ரூபாயாக இருந்த ஜியோ திட்டம் 189 ரூபாயாயிற்று. கூலி உயர்வு கேட்டால் கமிட்டி போடுகிறார்கள், வாய்தா வாங்குகிறார்கள். கட்டணம் ஏற்ற ஒரே வாரம் போதுமானதாக இருந்தது. பத்து வீடும் இருபது வீடுமாகச் சிதறிக் கிடக்கும் மலைக் கிராமத்தில் டவர் வைத்தால் லாபம் வராது. ஆகவே அங்கே அவர்களுக்கு அவசரமும் இல்லை.

வேறு வழி உண்டா? உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

வீட்டிலும் கடையிலும் ஒரு சிறு பெட்டி விளக்கு மின்ன உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரௌட்டர் என்பார்கள். கம்பியில் வரும் இணையத்தை வாங்கிக் கம்பியில்லாமல் சுற்றுவட்டாரத்துக்குப் பரப்புவது அதன் வேலை. அதுதான் வைஃபை. அதற்குள் இருப்பது ஒரு சின்னஞ்சிறு கணினி. அதை நடத்துவது மென்பொருள், அதாவது யந்திரத்துக்கு இடும் கட்டளைகளின் ஏடு. இந்த ஏட்டைக் கம்பெனி பூட்டி வைத்துவிடுகிறது. ஆலைத் தோழர்களுக்கு இது புரியும்: மூடியை ஆணியடித்து ஒரு மிஷினைக் கொடுத்து, ‘ஓட்டிக்கொள், உள்ளே கைவைக்காதே, கெட்டால் புதிது வாங்கு’ என்றால் எந்த ஃபிட்டர் ஒப்புவார்?

இந்தப் பூட்டு உடைந்த கதை சுவையானது. 1991ல் ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் என்ற மென்பொருளை உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வளர்த்தார்கள். அதைக் காப்பது, ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 1989ல் வகுத்த ஓர் உரிமப் பத்திரம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் திருத்தி விற்பவர், வாங்கியவருக்கு ஏட்டையும் திறந்து கொடுத்தாக வேண்டும். பொதுக் கிணற்றில் யாரும் இறைக்கலாம், கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பக்கூடாது என்பது போல.

2002 டிசம்பரில் லிங்சிஸ் கம்பெனி டபிள்யு.ஆர்.டி. 54 ஜி என்ற பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் அந்தக் கம்பெனியையே சிஸ்கோ வாங்கியது. பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்பதை மென்பொருள் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பலர் உழைத்துப் பொதுவில் வைத்ததை எடுத்துக்கொண்டு, ஏட்டை மட்டும் தராமல் விற்றுக்கொண்டிருந்தது கம்பெனி! கூச்சல் எழுந்தது. 2003லேயே ஏட்டை வெளியிட வேண்டியதாயிற்று. அதை அடிப்படையாக வைத்து 2004 ஜனவரியில் ‘ஓபன்டபிள்யுஆர்டி’ என்ற திறந்த மென்பொருள் பிறந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிப் பெட்டிகளில் அது ஓடுகிறது, காசில்லாமல். கம்பெனி சும்மா இருந்ததா? 2005ன் கடைசியில் அதே பெயருள்ள பெட்டியில் நினைவகத்தைக் குறைத்து, உள்ளே பூட்டிய மென்பொருளை வைத்து விற்றது. பழைய ரகத்தை இன்னோர் எழுத்தைச் சேர்த்துத் தனியாக விற்றது. வியாபாரிக்கு இந்தச் சாமர்த்தியம் எங்கிருந்துதான் வருகிறதோ!

திறந்த ஏடு இருந்தால் என்ன லாபம்? ஓர் உதாரணம் போதும். வைஃபை பெட்டி ஒரு செய்தியை அனுப்பிவிட்டு, ‘வந்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்கும். அக்கரை வயலில் இருப்பவரைக் கூப்பிட்டுவிட்டு ‘ஓ’ என்ற குரலுக்குக் காதைக் கொடுப்பது மாதிரி. வீட்டுக்குள் பேசுவதற்காகச் செய்த பெட்டி கொஞ்ச நேரமே காத்திருக்கும். மலைக்கும் சமவெளிக்கும் இடையே பதில் வரச் சற்றுத் தாமதமாகும். வருவதற்குள் ‘தொலைந்தது’ என்று முடிவு செய்து திரும்பத் திரும்பக் கத்தும். பூட்டிய பெட்டியில் இதை மாற்ற வழி இருக்காது. திறந்த மென்பொருளில், ஏற்ற பெட்டியாக இருந்தால், தூரம் இத்தனை மீட்டர் என்று ஒரு வரி எழுதிவிடலாம். வெனிசுலாவில் எர்மான்னோ பியெத்ரோசெமோலி என்ற ஆசிரியரும் அவர் கூட்டாளிகளும் 2006ல் இதே லிங்சிஸ் பெட்டிகளில் மாற்று மென்பொருளை ஏற்றி, மலையுச்சியிலிருந்து சமவெளிக்கு 279 கிலோமீட்டர் தூரம் இணைப்புக் கொடுத்தார்கள்.

மலை தடைதான். ஆனால் உச்சியில் ஆன்டெனாவை நட்டால் அதே மலை கோபுரமாகிறது. ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், நடுவே மரமோ பாறையோ மறைக்கக்கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

சட்டம் ஒப்புமா என்று தோழர்கள் கேட்கலாம். வெள்ளைக்காரன் போட்ட 1933ம் வருஷத்து வயர்லெஸ் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றமாக்கப்பட்டது. ஆனால் 2005 ஜனவரியில் இந்திய சர்க்கார் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது; 2018ல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியையும் வெளியிடங்களுக்குத் திறந்துவிட்டது. ஆகாயத்தில் இது மேய்க்கால் புறம்போக்கு. யாருக்கும் தனிப்பட்டா இல்லை.

அந்த உத்தரவு வந்த கையோடு, 2005 பிப்ரவரியில் இமயமலைச் சரிவிலுள்ள தர்மசாலாவில் ஊர்ப் பொது வலையைக் கட்டினார்கள். மலிவான பெட்டி, திறந்த மென்பொருள், குரங்கு ஏறி ஆட்டினாலும் தாங்கும் ஆன்டெனா!

நம் தேனி ஜில்லாவிலேயே இன்னும் நல்ல பாடம் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தாரும் 2006ல் ஐந்து கிராமப்புறக் கண் மையங்களைத் தேனி மருத்துவமனையுடன் நெடுந்தூர வைஃபையால் இணைத்தார்கள். லினக்ஸ் ஓடும் சிறு கணினி, கடைச்சரக்கான வைஃபை அட்டை, இவர்களே திருத்திய மென்பொருள். நோயாளி தன் ஊர்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, தேனியிலிருந்து டாக்டர் படத்தில் பார்த்துப் பேசினார். இன்டெல் கம்பெனியும் இதில் கூட நின்றது. கம்பெனிக்குச் சந்தை தேடும் சுபாவம் உண்டு, அதில் நமக்கு மயக்கம் வேண்டாம். ஆனால் வேலை நடந்தது உண்மை.

அங்கே எது அடிக்கடி கெட்டது தெரியுமா? வானொலி அலையல்ல, மென்பொருளல்ல. மின்சாரம்! ஏறி இறங்கும் வோல்டேஜ் பெட்டிகளைப் பொசுக்கியது. திடீரென்று நின்று வந்த கரண்ட் நினைவக அட்டையைக் கெடுத்தது. அடுத்த குறை, ஊரில் பழுது பார்க்கத் தெரிந்தவர் இல்லாதது. மின்சாரத்துக்குக் காப்புச் சுற்று வைத்து, மருத்துவமனையின் சொந்த ஊழியர்களைப் பழக்கிய பிறகே வலை நிலைத்தது. இதை நாம் அழுத்திச் சொல்கிறோம். ஏனென்றால் நம் ஊர்களில் திறப்பு விழாவுக்கு மாலை வாங்கப் பணம் இருக்கும். மறுவருஷம் பேட்டரி மாற்ற இருக்காது. பெட்டி வாங்கும் கணக்கிலேயே பேட்டரிக்கும், ஐ.டி.ஐ. படித்த உள்ளூர்ப் பிள்ளை ஒருவரின் சம்பளத்துக்கும் இடம் வேண்டும். ‘தொண்டு’ என்று சொல்லி இளைஞர்களை இலவசமாக வேலை வாங்கும் தந்திரத்துக்கு நாம் உடந்தையாக முடியாது.

பெட்டிக்குத் தீனி, அதாவது இணையக் கம்பி, எங்கிருந்து வரும்? எல்லாக் கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோவது என்று மத்திய சர்க்கார் 2011ல் முடிவு செய்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு இதைச் செய்யும் பொறுப்பு மாநில சர்க்காரின் ஃபைபர்நெட் கார்ப்பரேஷனுடையது. இழை ஊராட்சி அலுவலகச் சுவரோடு நின்றால் யாருக்கு லாபம்? அங்கிருந்து பள்ளி, ரேஷன் கடை, சுகாதார நிலையம், வேலைத்தளம் வரை கம்பியில்லாமல் போக வேண்டும்.

2020 டிசம்பரில் கொண்டுவந்த பி.எம். வாணி திட்டப்படி டீக்கடைக்காரர்கூட லைசென்ஸும் கட்டணமும் இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம். யார் நுழைகிறார் என்ற பதிவு மட்டும் முறைப்படி வேண்டும். கதவை மல்லாக்கத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு வழக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது. காகிதத்தில் நல்ல திட்டம்தான். ஆனால் கடைக்காரருக்குக் கம்பி கொடுக்க வேண்டிய கம்பெனிகள், வீட்டுக்கு ஒரு விலை, அவருக்குப் பன்மடங்கு விலை என்றன. 2025 ஜூனில் டிராய் ஆணையம் வீட்டு விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று உத்தரவிட்டது. அந்த இரண்டு மடங்கும் எதற்கு என்பது நம் கேள்வி.

‘கூலியைக் கேட்போம், நிலத்தைக் கேட்போம், பெட்டியை ஏன் கேட்க வேண்டும்?’ என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். கூலியே பெட்டி வழியாக வரும்போது, பெட்டி கூலிப் பிரச்னை இல்லாமல் வேறென்ன? கல்வராயன் மலை ஜனங்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் கிடந்தவர்கள். 2024ல் சென்னை உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து இம்மக்களின் வாழ்க்கை நிலை பற்றி விசாரணையைத் தொடங்க வேண்டியிருந்தது. நிலத்துக்கு ஜாகீர் ஒழிந்த மலையில் ஆகாயத்துக்கு ஜாகீர் முளைக்க விடலாமா?

ஆகவே மலையிலும் அடிவாரத்திலும் உள்ள ஊராட்சிகளின் மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். ‘இணைய வசதி தேவை’ என்று மொட்டையாக எழுதினால் கம்பெனியிடம் டெண்டர் போய்விடும். ஊராட்சி இழையிலிருந்து எந்தெந்தக் குக்கிராமத்துக்கு இணைப்பு என்று பெயர் பெயராக எழுதுங்கள். பெட்டிகளில் திறந்த மென்பொருளே ஓட வேண்டும், கடவுச்சொல் ஊராட்சியிடமே இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். வாங்கும் பெட்டிக்கு 16 எம்.பி. சேமிப்பும் 128 எம்.பி. நினைவகமுமாவது இருக்கட்டும், அதற்குக் குறைந்தால் புதிய ஓபன்டபிள்யுஆர்டியை ஏற்றிச் சிரமப்பட வேண்டிவரும். பராமரிப்பு ஊழியரின் மாதச் சம்பளத்தை ரூபாயில் குறிப்பிடுங்கள். பதிவேட்டில் ஏறியபின் தீர்மானத்தின் நகலைச் செயலரிடம் கையெழுத்துடன் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.