ஆலை வாசலோடு நின்றுவிடும் பாதுகாப்பு

சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைக்குள் காலையில் வேலைக்கு நுழைபவரின் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார்கள். தீப்பெட்டியோ கைபேசியோ உள்ளே போகக் கூடாது. மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. இரும்புக் கருவி கூடாது, ஆணி அடித்த செருப்பு கூடாது. உடம்பில் ஏறியிருக்கும் மின்னூட்டம் இறங்க, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் அறைக்குள் கால் வைக்க வேண்டும். இந்த விதிகள் மீறப்படும்போது என்ன ஆகும் என்பதை முதலிப்பட்டியிலும் அச்சங்குளத்திலும் நடந்த ஆலை வெடிவிபத்துகள் நமக்குக் காட்டிவிட்டன. ஆனாலும் விதி என்று ஒன்று இருக்கிறது, மீறினால் உரிமத்தை ரத்து செய்ய ஒரு துறை இருக்கிறது.

அதே பட்டாசு அட்டைப்பெட்டியில் அடைபட்டு லாரியில் ஏறி வாசலைத் தாண்டியதும் நிலைமை மாறிவிடுகிறது. இன்சுலேஷன் டேப் சுற்றிய வயருக்குப் பக்கத்தில், மொட்டை டயருக்கு மேலே, காற்று நிற்காத பிரேக்கை நம்பி அது 2,500 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள டெல்லி வரை போகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் பல நேரங்களில் வேலைக்குச் சேர்ந்து சில நாட்களே ஆன இளைஞர்.

புதிய ஓட்டுநருக்கு ஏன் பழுது வண்டி கிடைக்கிறது என்பதற்கு லாரி செட்களில் ஒரு கணக்கு உண்டு. நல்ல வண்டி மூத்த ஓட்டுநர் கையில் இருக்கும். அவர் விட்டுக்கொடுக்க மாட்டார், முதலாளிக்கும் அவரை இழக்க மனம் வராது. “இனிமே இந்த வண்டியை நான் எடுக்க மாட்டேன்” என்று பழைய ஓட்டுநர் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போன வண்டிதான் புதியவர் கைக்கு வரும். ஹெவி லைசென்ஸ் எடுத்த கையோடு வருகிற 22 வயதுப் பையனுக்கு வண்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. அனுபவம் குறைந்த கைக்குத்தான் அனுபவம் அதிகம் தேவைப்படும் வண்டி போய்ச் சேருகிறது.

அந்தப் பையனின் முதல் மாலையை எண்ணிப் பாருங்கள். லோடு ஏறி, தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. இன்ஜினை ஓட விட்டு காற்றழுத்த முள்ளைப் பார்க்கிறான், முள் அசையவில்லை. மீட்டர் வேலை செய்யாது, காதால்தான் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார் கிளீனர். பிரேக்கை மிதித்து வைத்துக் கேட்டால் அடியில் எங்கோ ‘உஸ்ஸ்’ என்று காற்று கசிகிறது. பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் வெளியே தெரிவது சுமாரான டயர். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இருப்பதில் பட்டனே இல்லை, தேய்ந்து மொட்டையாக இருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் கிடக்கும் தீயணைப்புக் கருவியின் முள் சிவப்பில் நிற்கிறது. செட்டில் போய்ச் சொன்னால் பதில் தயாராக இருக்கிறது: “இத்தனை நாள் ஓடின வண்டிதானே தம்பி, பார்த்து ஓட்டு. திரும்பி வந்ததும் பட்டறையில விட்டுரலாம்.” திரும்பி வந்ததும் அடுத்த லோடு காத்திருக்கும்.

‘பார்த்து ஓட்டு’ என்பது அக்கறையான பேச்சு போலக் கேட்கிறது. அது பழுதின் பொறுப்பை உரிமையாளர் மேஜையிலிருந்து ஓட்டுநர் தலைக்கு மாற்றிவிடுகிற பேச்சு. இந்த மாற்றத்தை நம் சட்ட நடைமுறையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதே நம் குற்றச்சாட்டு.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு தெளிவானது. பழுது இருப்பது தெரிந்தோ, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் என்ற நிலையிலோ, ஒரு வண்டியை ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் சொல்பவரும் ஓட்ட விடுபவரும் குற்றவாளிகள். ஆனால் அபராதம் அதிகபட்சம் 1,500 ரூபாய். அந்தப் பழுதால் விபத்து நேர்ந்து ஆளுக்குக் காயமோ பொருளுக்குச் சேதமோ ஏற்பட்டால்கூட மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே விபத்தில் ஓர் உயிர் போனால் ஓட்டுநர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு பாயும். அதில் ஐந்து ஆண்டு வரை சிறை. பிரேக் லைனிங் மாற்றாமல் வண்டியை அனுப்பியவருக்கு ஒரு டயர் விலைகூட அபராதம் இல்லை. அந்தப் பிரேக்கை மிதித்தவருக்கு ஐந்து ஆண்டு. இழப்பீட்டுத் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. இந்தக் கணக்கில் வண்டியைப் பழுது பார்க்க எந்த முதலாளிக்கு அவசரம் வரும்?

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று இருக்கிறதே என்பார்கள். மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஊர்களில் இன்றும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றுதான் சொல்கிறோம். பிரேக்கைப் பார்ப்பதே அவர் வேலை என்று மக்கள் நம்பிய காலத்தின் பெயர் அது. இன்று எட்டு ஆண்டுக்கு உட்பட்ட சரக்கு வாகனம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டது ஆண்டுக்கு ஒருமுறையும் எஃப்.சி. காட்டினால் போதும். எஃப்.சி. நாளுக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, சான்றிதழ் கிடைத்ததும் கழற்றிக் கொடுப்பது பட்டறைகள் எல்லாம் அறிந்த சங்கதி. மாதம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஆண்டில் ஒரு நாள் சுத்தம் போதாது.

விபத்து நடந்த பிறகு வண்டியைப் பரிசோதித்து அறிக்கை தருவதும் அதே துறைதான். ‘இயந்திரக் கோளாறால் நேர்ந்த விபத்து அல்ல’ என்ற வரி வழக்குக் கட்டுகளில் அச்சடித்தாற்போல் வருவதை நீதிமன்றம் ஏறி இறங்கியவர்கள் அறிவார்கள். பிரேக் பழுது என்று எழுதினால், இதற்கு எஃப்.சி. கொடுத்தது யார் என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வி எழாமல் இருக்க, குற்றம் ஓட்டுநரின் ‘அஜாக்கிரதை’யில் போய் முடிகிறது.

எல்லா ஊர் லாரிக்கும் உள்ள நோய்தானே, சிவகாசிக்கு மட்டும் ஏன் தனிக் கவலை என்று கேட்கலாம். ஏற்றிச் செல்லும் சரக்குதான் காரணம். இறக்கத்தில் ஓயாமல் பிரேக் பிடித்தால் டிரம் கொதிக்கும். லைனிங் பிடிமானம் இழக்கும். சூடு டயருக்கு ஏறித் தீப்பிடிக்கும். அரிசி மூட்டை லாரி என்றால் ஒரு டயர் எரியும். பட்டாசு லாரி என்றால் என்ன எரியும் என்று சொல்லத் தேவையில்லை. கேரளத்துக்கு லோடு போகும் வழியில் புளியரை எஸ் வளைவு இருக்கிறது. வடக்கே போகும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வண்டியை உருட்டும் பழக்கமும் தேய்ந்த பிரேக்கும் சேர்ந்தால் தொப்பூரில் என்ன நடக்கும் என்பதற்கு அந்தச் சாலையின் விபத்து வரலாறே சாட்சி.

2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில், சரக்கு வாகனத்தையொட்டிப் பட்டாசுப் பெட்டிகளைக் கையாண்டபோது பிடித்த தீயின் புகை, பக்கத்து ஸ்கேன் மையத்துக்குள் புகுந்து, பட்டாசோடு தொடர்பே இல்லாதவர்களின் மூச்சை நிறுத்தியது. 2023 அக்டோபர் 7 அன்று ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியில் லாரியிலிருந்து பட்டாசு இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் மூண்ட தீ, தீபாவளிக்கு நாலு காசு சம்பாதிக்க வந்த தமிழ்நாட்டு இளைஞர்களைக் கொன்றது. 2022 ஜனவரியில் கானா நாட்டின் அபியாட்சே கிராமத்தில், சுரங்கத்துக்கு வெடிமருந்து கொண்டுபோன லாரி ஒரு மோட்டார் சைக்கிளோடு மோதித் தீப்பற்றி வெடித்ததில் கிராமமே தரைமட்டமானது. இவை வண்டிப் பழுதால் நேர்ந்தவை என்று நாம் சொல்லவில்லை. வெடிபொருளும் வாகனமும் சேரும் இடத்தில் சின்னத் தவறுக்கும் இடமில்லை என்பதற்கு இவை போதும். அங்கே தெரிந்தே ஒரு பழுதை ஏற்றி அனுப்புவது எப்படித் தகும்?

உரிமையாளர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒற்றை வண்டியை ஃபைனான்ஸில் வாங்கி வட்டி கட்டும் சிறு உரிமையாளர்தான் அதிகம். ஒரு புது டயர் 20,000 ரூபாயைத் தாண்டுகிறது. டீசலும் சுங்கமும் ஏறிய வேகத்தில் வாடகை ஏறுவதில்லை. சீசனில் யார் குறைந்த வாடகைக்கு வருகிறாரோ அவருக்குத்தான் லோடு. இத்தனையும் உண்மை. ஆனால் இந்த நெருக்கடிக்கான விலையைக் கடைசியில் கொடுப்பவர், பேட்டாவும் சம்பளமும் வாங்கும் ஓட்டுநராகவும் அவருக்கு எதிரே வரும் பேருந்தின் பயணியாகவும் ஏன் இருக்க வேண்டும்? வாடகையைக் குறைத்து மிச்சம் பிடிப்பவர் சரக்கு அனுப்பும் ஆலைக்காரர். மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989) அவரையும் விட்டுவைக்கவில்லை. ஆபத்தான சரக்கை ஏற்றும் வண்டியில் பாதுகாப்புக் கருவிகள் இருக்கின்றனவா, ஓட்டுநர் உரிய பயிற்சி பெற்றவரா என்று உறுதிசெய்வது அனுப்புபவரின் பொறுப்பு என்கிறது 131-ஆவது விதி. வண்டி அந்தச் சரக்குக்குப் பாதுகாப்பானதாக இருப்பது உரிமையாளரின் பொறுப்பு என்கிறது அடுத்த விதி. சைலன்சரில் பொறி பறக்காமல் தடுக்கும் கருவி கட்டாயம். ஓட்டுநருக்கு மூன்று நாள் சிறப்புப் பயிற்சி கட்டாயம். விதிக்குப் பஞ்சமில்லை. ஆலை வாசலில் நின்று இதையெல்லாம் கேட்கத்தான் ஆளில்லை.

செய்ய முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அந்தப் பேருந்துக்கு அண்மையில்தான் எஃப்.சி. வழங்கப்பட்டிருந்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேள்வி கேட்டது. அதே ஆண்டு தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கெனச் சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. இன்று ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் மாவட்டந்தோறும் ஒரு மைதானத்தில் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஏறி இறங்கிப் பார்க்கிறார்கள். ஒரு குழந்தையின் உயிர் கொடுத்து வாங்கிய வழக்கம் அது. பட்டாசு லாரிக்கும் ஓர் உயிர் போகும்வரை காத்திருக்கப் போகிறோமா?

நம் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, சீசனுக்கு முந்தைய சோதனை. சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுத் தீபாவளி விற்பனையைத் தொடங்குவது வழக்கம். அதற்கு முந்தைய ஆனி மாதத்திலேயே, பட்டாசு ஏற்றும் ஒவ்வொரு வண்டியையும் போக்குவரத்துத் துறை, வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை, தீயணைப்புத் துறை மூன்றும் சேர்ந்து மைதானத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். தேறிய வண்டிக்கு அந்த சீசனுக்கான வில்லை ஒட்ட வேண்டும்.

இரண்டாவது, பழுதுச் சீட்டு. அமெரிக்காவில் ஓட்டுநர் ஒரு பழுதை எழுதிக் கொடுத்தால், அதைச் சரிசெய்ததாகவோ அது தேவையில்லை என்றோ நிறுவனம் கையெழுத்திட்ட பிறகே அந்த வண்டி மறுபடி சாலைக்கு வரலாம். பாதுகாப்பில்லாத வண்டியை எடுக்க மறுத்தவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று அங்கே 1982-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. இங்கே அதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம், கார்பன் தாள் வைத்த ஒரு நோட்டு போதும். ஓட்டுநர் எழுத வேண்டும், உரிமையாளர் கையெழுத்திட வேண்டும், ஒரு நகல் ஓட்டுநரிடம் இருக்க வேண்டும். நாளை நீதிமன்றத்தில் அந்தத் தாள் பேசும்.

மூன்றாவது, விபத்து வழக்கில் வண்டியின் பழுது வெளிப்பட்டால் உரிமையாளரின் பெயரும் குற்றப்பத்திரிகையில் வர வேண்டும். 190-ஆவது பிரிவின் அபராதத்தை இன்றைய டயர் விலைக்காவது உயர்த்த மத்திய அரசு முன்வர வேண்டும். எஃப்.சி. கொடுக்கும் அதிகாரியும் விபத்து அறிக்கை தரும் அதிகாரியும் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது.

நான்காவது, புதிதாகச் சேரும் ஓட்டுநரை முதல் சில மாதங்களுக்கு மூத்த ஓட்டுநர் இல்லாமல் பட்டாசு லோடோடு அனுப்பக் கூடாது. ஓட்ட ஆள் கிடைக்கவில்லை, இந்தக் காலத்துப் பையன்கள் இந்த வேலைக்கு வருவதில்லை என்று புலம்பும் முதலாளிகள், வந்த பையன் கையில் எந்தச் சாவியைக் கொடுத்தோம் என்று யோசித்துப் பார்க்கட்டும்.

அரசு அசையும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒருவர் உண்டு, ஆலை முதலாளி. ஆயுத பூஜையன்று லாரிக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்து நசுக்குகிறோம். அந்த டயரில் பட்டன் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. பட்டாசு ஆலை அண்ணாச்சிகளுக்கு நம் வேண்டுகோள் இதுதான்: உங்கள் வாசலில் தொழிலாளியின் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கும் அதே காவலாளி கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்து, வந்து நிற்கும் லாரியின் உள்பக்க டயரையும் பார்க்கச் சொல்லுங்கள். தேறாத வண்டிக்கு லோடு இல்லை என்று சிவகாசி ஒரே ஒரு சீசன் உறுதியாகச் சொல்லட்டும். வண்டிகள் தாமாகவே பட்டறைக்குப் போகும்.