இணைய முகவரியிலும் முந்தினவனுக்குத்தான் பந்தியா?

வீட்டு சிசிடிவியை வெளியூர்ல இருந்து நேரடியா பாக்கணும்னு கேட்டா, "ஸ்டேட்டிக் ஐபி வேணும், தனியா காசு கட்டணும்"னு உங்க ஊர் கேபிள்காரர் சொல்றாரா? அவரைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

இணையத்தின் பழைய எண் முகவரி முறையான ஐபிவி4-ல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். ஆரம்ப காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார்கள். எம்.ஐ.டி., ஆப்பிள், ஃபோர்டு ஆகியவற்றுக்கு ஆளுக்கு 1,67,77,216 முகவரிகள். கார் கம்பெனிக்கு எதுக்குங்க இத்தனை? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2000-ல் தன் தொகுதியைத் திருப்பிக் கொடுத்தது, அதைப் பாராட்டணும். எம்.ஐ.டி.யோ 2017-ல், உபரியாக இருந்த 80 லட்சத்தை விற்கக் கிளம்பியது.

நம்ம முறை வந்தப்போ பானை காலி. 2011 பிப்ரவரி 3-ல் உலகக் கையிருப்பின் கடைசி ஐந்து தொகுதிகளும் பங்கு போடப்பட்டன. அதே ஏப்ரலில் ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக் தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. அதன்பின் ஒரு நிறுவனத்துக்கு அதிலிருந்து 1024 முகவரிதான். 2019-ல் அதுவும் 512 ஆனது. இந்த ரேஷனை நாம் குறை சொல்லவில்லை. அது இல்லையென்றால் மிச்சத்தையும் பெரிய கம்பெனிகள் வழித்துக்கொண்டு போயிருக்கும். முன்னாடி அள்ளினவங்க கிட்ட எதையும் கேக்காம, பின்னாடி வந்தவனுக்கு மட்டும் அளவு போட்டதுதான் நெருடுது.

512 முகவரியை வெச்சுக்கிட்டு 5,000 வீட்டுக்கு இணைப்பு கொடுக்கிறவர் என்ன செய்வார்? ஒரே முகவரியைப் பல வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுப்பார். அதுல ஒரு வீட்டு கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்து ஸ்பேம் கிளம்பினா, அந்த முகவரியையே தடுத்துடுவாங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆன்லைன் விண்ணப்பம் போட முடியாம தவிக்கும். சைபர் குற்றம் நடந்தாலும், வெறும் முகவரியை வெச்சு யாருன்னு கண்டுபிடிக்க முடியாது. போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் வேணும்.

"அதான் ஐபிவி6 வந்துடுச்சே" என்பார்கள். வந்தது, அதில் முகவரிக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் அது மட்டும் உள்ள கருவி, பழைய முறை மட்டும் உள்ள தளத்தோடு நேரடியாகப் பேசாது. ஆக, இரண்டையும் சேர்த்து ஓட்டணும். பழைய ரவுட்டர்களை மாத்தும் செலவு சின்ன நிறுவனத்தின் தலையில்தான் விழுது.

அரசு செய்ய வேண்டியது ரெண்டு. எல்லா அரசு இணையதளமும் ஐபிவி6-ல் திறக்கணும். சிறு நிறுவனங்கள் கருவி மாற்றக் குறைந்த வட்டிக் கடன் வேணும். இன்னொன்று நம்ம கையிலேயே இருக்கு: ஏப்னிக் கொள்கைக் கூட்டத்தில் யார் வேணும்னாலும் கலந்துக்கலாம், இணையவழியாகவும் பேசலாம். கேபிள் தொழில் செய்யும் தோழர்கள் அடுத்த கூட்டத்துக்குப் பேர் கொடுங்க.