மேடையும் வழித்துணையும்

ஆன்மிக வழிகாட்டல் என்றதும் எம்மவர் நாடுவது மேடையை. ஒலிபெருக்கி முழங்கக் கைகளை உயர்த்திக் கண்ணீர் விட்டு வீடு திரும்பும் இளைஞன், மறுநாள் தன் சோதனையின் முன் தனித்தே நிற்கின்றான். பிரசங்கியார் அவன் பெயரையும் அறியார். இதற்கு வழிகாட்டல் என்று பெயரிடுதல் எங்ஙனம் பொருந்தும்?

திறந்த வெளியில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த ஜோன் வெஸ்லி, பிரசங்கத்தோடு அமைந்தாரல்லர். 1742இல் பிறிஸ்டல் நகரில் ஆலயக் கட்டடக் கடனைத் தீர்க்க வழி தேடியபோது, உறுப்பினரைப் பன்னிருவர் அளவான வகுப்புகளாகப் பிரித்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி சேர்ப்பதென முடிவாயிற்று. பணந் தண்டச் சென்ற தலைவர்கள், சிலர் வாழவேண்டியவாறு வாழாமையைக் கண்டு வெஸ்லிக்கு அறிவித்தனர். கடன் வசூலிப்பு ஆன்ம விசாரணையாயிற்று. (இறையியல் நூல்கள் காட்டாத வழியைப் பென்னிக் கணக்குக் காட்டியது வேடிக்கையே!) வீடுவீடாகச் செல்லுதல் கடினமானபோது வகுப்பினர் ஓரிடத்திற் கூடினர். பெண்களும் தலைமை தாங்கினர்.

இது வேவு பார்த்தலன்றோ என்று வினவுவோர் உளர். ஐயம் நியாயமானதே, ஒழுக்கந் தவறியோர்க்குக் காலாண்டு உறுப்பினர் சீட்டு மறுக்கப்பட்டதும் உண்மை. ஆயினும் வகுப்புகளுக்கு முந்திய சிறு குழுக்களுக்கென 1738இல் வெஸ்லி வகுத்த விதிகளை அவர்கள் நோக்குதல் வேண்டும். ஒருவர் முதலில் தம் ஆன்ம நிலையைச் சொல்லவேண்டும். அதன் பின்னரே மற்றையோரை வினவலாம். வினவுபவனும் தன்னைத் திறந்து வைக்கும் இடத்தில் ஆதிக்கம் எளிதில் வேரூன்றாது. அஞ்சவேண்டியது எவராலும் வினவப்படாத தலைவனையே. அபிஷேகம் பெற்றவர் என்ற பட்டத்தின் பின்னே மறைந்துகொண்டு, பிறர் பாவங்களை மட்டும் ஆராயும் போதகர்கள் இன்று எம்மிடையே மலிந்துள்ளனர். அவர்களை எவரும் வேவுகாரர் என்பதில்லை!

மெதடிஸ்த மிசனரிமார் 1814இல் இலங்கை வந்தனர். அவர்கள் நிறுவிய பாடசாலைகளைப் பற்றி விழா மலர்களில் பக்கம் பக்கமாக எழுதுகின்றோம். அவர்களை உருவாக்கிய வகுப்பு முறைக்கோ ஒரு பந்தியும் ஒதுக்குவதில்லை.

பல்கலைக்கழகக் கிறிஸ்தவ மாணவர் இதனை மீளத் தொடங்குதற்கு மண்டபமும் வேண்டாம், பிரசங்கியாரும் வேண்டாம்; விடுதியறை ஒன்றும் நால்வர் ஐவரும் போதும். நேரமில்லை என்பர். பரீட்சைக் காலத்திலும் நற்செய்திப் பெருவிழாவுக்குப் பேருந்து நிரம்புகிறதே!